அளந்து காட்டச் சொல்லுங்கள்: சூழல் திட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

மத்திய அரசின் சுற்றுச்சூழல் திட்டங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் பல வருஷம் என் மேஜைக்கு வந்தது. அதனால் எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எதை அளக்கப் போகிறார்கள், யார் அளக்கிறார்கள், அந்த எண் நம் கைக்கு வருமா? பதில்களிலும் இதுவே திரும்பத் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். காலநிலை மாற்றத்துக்கான தேசிய செயல் திட்டம், அதில் எட்டு இயக்கங்கள் என்று மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் அதில் என்ன நடந்தது என்று எந்தக் கையேட்டிலும் இல்லையே?
*(கல்லூரி மாணவர், கும்பகோணம்)*

தேர்வுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. 2008 ஜூன் 30 அன்று பிரதமர் மன்மோகன் சிங் வெளியிட்ட திட்டம் அது. சூரிய சக்தி, எரிசக்திச் சிக்கனம், நீடித்த வாழிடம், தண்ணீர், இமயமலைச் சூழல், பசுமை இந்தியா, நீடித்த வேளாண்மை, காலநிலை அறிவு என்று எட்டு இயக்கங்கள்.

நடந்தது என்ன என்று பார்த்தால் எட்டும் எட்டு விதம். சூரிய சக்தி இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கியபோது 2022-க்குள் 20,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். அதையே பலர் நம்பவில்லை. 2015-இல் அந்த இலக்கை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தினார்கள். 2022 கடைசியில் கிட்டத்தட்ட 63,000 மெகாவாட் வந்திருந்தது. ஒரு லட்சத்தை 2025 ஜனவரியில் தொட்டார்கள். கெடு தவறியது உண்மை. ஆனாலும் இது பெரிய வேலை. 2010-இல் நடந்த முதல் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 11, 12 ரூபாய்க்குப் போனது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்குத் தர ஆள் வந்தார்கள்.

எரிசக்திச் சிக்கனத்தில் எல்.ஈ.டி. பல்பு கதையும் இப்படித்தான். 2014-இல் அரசு மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பின் விலை 310 ரூபாய். மூன்றே வருஷத்தில் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தப் பல்புகளைக் குறைந்த விலைக்குத் தரும் உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்புகள் போயிருக்கின்றன. உங்கள் வீட்டிலேயே பாருங்கள், குண்டு பல்பு ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா?

இப்போது பசுமை இந்தியா இயக்கத்துக்கு வாருங்கள். பத்து வருஷத்தில் 50 லட்சம் ஹெக்டேரில் புதிதாக மரங்கள், இன்னொரு 50 லட்சம் ஹெக்டேரில் நலிந்த காடுகளைச் சீர்செய்வது என்பது திட்டம். நடந்தது அதில் சிறு பங்குதான். ஏன் என்று கேட்டால் பணம் சரியாக வரவில்லை என்பார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு இன்னொரு காரணம் பெரிதாகத் தெரிகிறது. சூரிய மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. யூனிட் ஓடவில்லை என்றால் பணம் கிடையாது. காட்டுக்கு அப்படி ஒரு மீட்டர் இல்லை. நம் வன அளவீட்டு நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பிருந்து, அதில் பத்தில் ஒரு பங்கை மர நிழல் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. தென்னந்தோப்பும் வரும், ரப்பர் தோட்டமும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நூறு வருஷச் சோலை ஒன்று அழிந்து, வேறெங்கோ அதே அளவு தைலமரத் தோப்பு வளர்ந்தால், கூட்டுத்தொகையில் காடு குறையாது. பறவைக்கும் ஓடைக்கும் குறையும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் கிணறு உப்பாகிப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'வளங்குன்றா வளர்ச்சி' என்று டெல்லியில் பேசுகிறார்கள். தென்னை பட்டுப்போன விவசாயிக்கு அந்த வார்த்தையால் என்ன பிரயோஜனம், அம்மா?
*(விவசாயி, ஆம்பூர் அருகே)*

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். நாளைய தலைமுறைக்கு வேண்டியதை அழிக்காமல் இன்று வளர்வதைத்தான் வளங்குன்றா வளர்ச்சி என்கிறார்கள். இந்த நாட்டின் சூழல் சட்டத்துக்குள் அந்த வார்த்தை நுழைந்ததே உங்கள் பாலாற்றங்கரை வழியாகத்தான்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டது. தோல் தொழிற்சாலைகள் சுத்திகரிக்காத கழிவைப் பாலாற்றிலும் ஓடைகளிலும் திறந்த நிலத்திலும் விடுகின்றன என்பது புகார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தொழிலும் வேண்டும், அன்னியச் செலாவணியும் வேண்டும், ஆனால் அதற்காக மண்ணையும் தண்ணீரையும் அழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றது நீதிமன்றம். மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், கெட்டுப்போன இடத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். தன்னால் கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. இவையெல்லாம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அன்றைக்கு எழுதப்பட்டது. இன்றைக்கு நாட்டின் எந்த மூலையில் சூழல் வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பை. 2010-இல் வந்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் இந்த நெறிகளின்படியே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறது.

தீர்ப்பு ஊருக்கெல்லாம் உதவியது. உங்கள் கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது என்பதுதான் உங்கள் வலி. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உப்பு அளக்கும் முறை ரொம்பச் சாதாரணமானது. கொஞ்சம் தண்ணீரை எடுத்து அதில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீரில் உள்ள குளோரைடு தீரும்வரை வெள்ளையாகத் திரியும். தீர்ந்த அந்தச் சொட்டில் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் தட்டும். நல்ல கிணறென்றால் கொஞ்ச நேரத்தில் நிறம் மாறிவிடும். உங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு பியூரெட் காலியாகிக்கொண்டே போகும், நிறம் மாறாது. சுத்த நீர் சேர்த்துப் பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி தொடங்குவோம். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த ஆயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டிய மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிக்கலாமா?" என்று கேட்டபடி நின்றவர்களின் முகம் எனக்கு மறக்காது.

அந்த உப்பில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன்மேல் உப்பைத் தடவித்தான் அனுப்புகிறார்கள். பதனிடுவதற்கு முன் அந்த உப்பைக் கழுவித் தள்ளுகிறார்கள். பதனிடச் சேர்க்கும் குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அப்படி வீழாது. சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கித்தான் பிரிக்க வேண்டும். அதற்கு ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். திரவக் கழிவே வெளியே வரக்கூடாது என்ற விதியை எந்தத் தொழிற்சாலையும் விரும்பாததற்குக் காரணம் இந்தச் செலவு.

1996 தீர்ப்புக்குப் பிறகு அமைத்த இழப்பீட்டு ஆணையம் கணக்கெடுத்துத் தொகை நிர்ணயித்தது. அது ஒழுங்காக எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தை மறுபடி கையில் எடுத்து, பாக்கி இழப்பீட்டைக் கொடுக்கவும், அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. உங்கள் குடும்பம் பழைய ஆணையத்தின் பட்டியலில் இருந்ததா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சர்வே எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள். அப்புறம், உங்கள் கிணற்றுத் தண்ணீரை வருஷத்துக்கு இரண்டு தடவை சோதித்து முடிவுத்தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். குழு வந்து கேட்கும் நாளில் வாய்ப்பேச்சைவிட அந்த ஃபைல்தான் நிற்கும்.

மொட்டை மாடியில் சோலார் போட்டால் அரசு பணம் தருகிறதாமே? போடலாமா?
*(இல்லத்தரசி, மேலப்பாளையம்)*

போடலாம், இடம் சரியாக இருந்தால். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளுக்கானது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவதுக்கு 18,000. ஆக மூன்று கிலோவாட் போட்டால் 78,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே தொகைதான். ஒரு கிலோவாட் சுமாராக ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும், பத்துச் சதுர மீட்டர் இடம் வேண்டும்.

பேசி முடிக்கும் முன் ஒரு நாள் முழுக்க மாடியில் நிழல் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேனல் போட்டார்கள். பக்கத்து மனைத் தென்னையின் மட்டை நிழல், மதியத்துக்கு மேல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் விழும். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் அந்த ஒன்றின் தடுமாற்றம் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிட்டது. போட்டவர் காலையில் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனாராம். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, செல்போன் கோபுரம் எல்லாவற்றின் நிழலையும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். உங்கள் ஊரில் புழுதி அதிகம், வாரம் ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி சூடாகும் முன், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

ஒன்றையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டுச் செலவே 150 யூனிட்தான் என்றால் முதலீடு திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான் இது சீக்கிரம் கட்டுப்படியாகும்.

என் கடையில் கேரி பேக் இருந்தால் அபராதம். அதே கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் பிளாஸ்டிக் இல்லையா? சட்டம் சின்னவனுக்கு மட்டுமா?
*(மளிகைக் கடைக்காரர், மதுரை)*

உங்கள் கேள்வி நியாயமானது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. கேரி பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இங்கே கூடாது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. தட்டு, டம்ளர், ஸ்பூன், உறிஞ்சுகுழல், பலூன் குச்சி, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் மெல்லிய தாள் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. சிப்ஸ் பாக்கெட் இல்லை.

அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டை உண்டாக்கிய நிறுவனமே அதே எடைக்குக் கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய வேண்டும் என்ற உற்பத்தியாளர் பொறுப்பு விதி, 2022 பிப்ரவரியில் விரிவாக வந்தது. நிறுவனம் தானே செய்யாவிட்டால் மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இங்கேதான் ஓட்டை. செய்யாத மறுசுழற்சிக்குச் சான்றிதழ் போட்டதாக, லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. உங்கள் கடைக்கு வந்து பையை எடுத்துக் காட்டி அபராதம் போட முடிகிறது. எங்கோ ஓர் ஆலையில் எத்தனை டன் உருகியது என்பதைக் கணினித் திரையில் பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள். எடைப் பாலத்தில் லாரியை ஏற்றிப் பார்க்கிற ஆய்வாளர்கள் பல மடங்கு வேண்டும். பல அடுக்குப் பொட்டலம் வேறு மறுசுழற்சிக்கே லாயக்கில்லாதது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடக்கும், பிரிக்க முடியாது. பெரும்பாலும் சிமென்ட் சூளையில் எரிபொருளாகத்தான் போகிறது. வணிகர் சங்கம் இந்தக் கேள்வியைக் கம்பெனி விநியோகஸ்தர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: எங்கள் ஊரிலிருந்து திரும்ப எடுத்தது எவ்வளவு? பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.

அதற்காக உங்கள் கடையில் கேரி பேக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடாதீர்கள். வைகையில் மழைக்குப் பிறகு தடுப்பணையில் தேங்குவது அதுதான்.

தூய காற்றுத் திட்டத்தில் எங்கள் ஊர் இருக்கிறதாம். காற்று மாறின மாதிரித் தெரியவில்லையே?
*(ஆசிரியை, தூத்துக்குடி)*

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இப்போது 130 நகரங்கள். நம் மாநிலத்தில் தூத்துக்குடி, சென்னை, மதுரை, திருச்சி. 2025-26-க்குள் பி.எம்.10 என்ற தூசியை 40 சதவீதம்வரை குறைப்பதைக் குறியாக வைத்தார்கள்.

பி.எம்.10 என்பது கொஞ்சம் பெரிய தூசி, மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பகுதி நின்றுவிடும். நுரையீரலின் ஆழத்துக்கும் ரத்தத்துக்கும் போவது அதைவிட நுண்ணிய பி.எம்.2.5. நகரங்களுக்குப் பணம் பி.எம்.10-ஐ வைத்துக் கிடைப்பதால், பெரும்பகுதி சாலைப் புழுதிக்கே செலவாகிறது. பெருக்கும் இயந்திரம் வாங்குவது, ஓரத்தில் கல் பதிப்பது, தண்ணீர் தெளிப்பது இப்படி. புகைபோக்கியிலிருந்து வரும் நுண்தூசி அதில் அடங்காது. அனல் மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015-இலேயே விதி போட்டார்கள். கெடு 2017. அது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் அனல் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். அந்த வாயு காற்றில் கலந்து சல்பேட் நுண்தூசியாக மாறுகிறது. அனல் நிலையங்கள் இருக்கும் உங்கள் ஊருக்கு இது நல்ல முடிவு என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் பள்ளிக் கரும்பலகையில் தினமும் தட்பவெப்பம் எழுதுவீர்கள் அல்லவா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்திலிருந்து பி.எம்.2.5 எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு.

2070-க்குள் நிகரக் கார்பன் சுழியம் என்கிறார்கள். அதுவரை இருந்து யார் பார்க்கப் போகிறோம்?
*(ஓய்வு பெற்ற தபால்காரர், காரைக்குடி)*

காற்றில் விடுகிற கார்பன் வாயு அளவுக்கே திரும்ப உறிஞ்சியும் எடுத்துவிடுவதுதான் அந்தச் சுழியம். அதை உங்கள் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். நாம் 2030-ஐப் பார்க்கலாம். மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி முதலான புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும் என்ற வாக்குறுதியை 2025-இலேயே எட்டிவிட்டோம். சந்தோஷமான செய்தி. ஆனால் திறன் வேறு, உண்மையில் ஓடும் மின்சாரம் வேறு. ராத்திரி மின்விசிறி சுற்றுவது இன்னும் பெரும்பாலும் நிலக்கரியில்தான். பகல் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியும், பகலில் தண்ணீரை மேலே ஏற்றி ராத்திரி இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களும் எவ்வளவு வேகமாக வருகின்றன என்பதைப் பாருங்கள், மற்றது தானே விளங்கும்.

'மிஷ்டி' என்று அலையாத்திக் காடு வளர்க்கும் திட்டம் வந்திருக்கிறது. எங்கள் பக்கம் கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த வருஷம் போனால் வெறும் சேறு. ஏன்?
*(மீனவ இளைஞர், கடலூர் மாவட்டம்)*

மிஷ்டி 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஐந்து வருஷத்தில் 9 மாநிலங்கள், 4 யூனியன் பிரதேசங்களில் சுமார் 540 சதுர கிலோமீட்டர். நல்ல நோக்கம். 2004 சுனாமியில் உங்கள் மாவட்டத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் எப்படித் தப்பின என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கன்று ஏன் சாகிறது என்பதற்குப் பதில் உங்கள் பிச்சாவரத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, நடுவில் தொட்டி மாதிரிப் பள்ளமானது. கடல் பொங்கும் ஓதத்தில் ஏறும் உப்புத் தண்ணீர், கடல் உள்வாங்கும் வற்றத்தில் இறங்கிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்று ஆவியாகும். உப்பு ஏறிக்கொண்டே போகும். அதில் எந்தக் கன்றை நட்டாலும் சாகும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து செய்தது முதலில் வாய்க்கால் வெட்டும் வேலை. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளு போலவே இருக்கும். ஓதம் வந்துபோக ஆரம்பித்ததும் உப்பு கழுவிப் போனது. வாய்க்கால் கரையில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிடித்தது. தூர்ந்துபோகும் வாய்க்காலை வருஷா வருஷம் எடுத்துவிட ஊர்க் குழு இருந்ததால் காடு நின்றது.

உங்கள் பக்கத்தில் வாய்க்கால் வெட்டினார்களா? எந்த இடத்தில் ஓதம் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று உங்களிடம் கேட்டார்களா? இது இரண்டும் இல்லாமல் நட்டால் அது நட்ட அன்றைக்கு மட்டும்தான் காடு. நட்ட எண்ணிக்கையை விடுங்கள், மூன்றாம் வருஷம் உயிரோடிருக்கும் கன்றுக்குப் பணம் என்று விதி இருந்தால் ஒப்பந்தக்காரர் முதல் வேலையாக உங்களைத்தான் தேடி வருவார். கிராம சபையில் தீர்மானமாகவே போடுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெரிய திட்டம் வரப்போகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசினால் எடுபடுமா?
*(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)*

பதிவானால் எடுபடும். 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும், சுருக்கம் தமிழில் வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நீங்கள் சொன்ன கருத்துகளின் தொகுப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பல இடங்களில் கூச்சலில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள், வாசிப்பு நடக்காமலே கையெழுத்தாகிவிடுகிறது. நீங்கள் போகாதீர்கள், உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். நேரில் பேச முடியாதவர்கள் எழுதியும் கொடுக்கலாம், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு ஒரு முக்கியமான விஷயம் உண்டு. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் இதற்குள் வரும். தமிழக முதலமைச்சர் இதைத் திரும்பப் பெறக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தன் மண்ணைத் தோண்டப் போகிறார்கள் என்றால் அந்த ஊர்க்காரரைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. உங்கள் ஊருக்கு வருவது அந்த வகைச் சுரங்கமா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த வகை என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் கிராம சபைத் தீர்மானமும் ஆட்சியருக்கு மனுவும் இப்போதே போக வேண்டும்.

எங்கள் போர் தண்ணீரைச் சோதிக்க எங்கே கொடுக்க வேண்டும்? பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை வருகிறது.
*(ஒரு தாய், பென்னாகரம்)*

உடனே சோதியுங்கள் அம்மா. தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடிப் பாறையிலேயே ஃபுளோரைடு உண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சோதனை முடிவு வரும்வரை பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் பொதுமக்கள் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அவர்கள் யார் என்று கேளுங்கள். மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். இடம், தேதி, நேரம், போரின் ஆழம் எழுதி ஒட்டி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கிருமிச் சோதனையும் வேண்டுமென்றால் அதற்குச் சுத்திகரித்த பாட்டிலைக் கூடத்திலிருந்தே வாங்கி வர வேண்டும். முடிவில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் குடிக்கவே வேண்டாம். நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். முடிவுத்தாளின் நகல் ஒன்றை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தனியாகவே எழுதுகிறேன்.